மூன்று மணிக்குள் வாபஸ்

மைக்காரர் அரசியலுக்கு வந்தது கொள்கைக்காக அல்ல, பேச வேண்டியவர் வராததால்.

அப்போது அவர் ஒலிபெருக்கியும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் மேடைக்குப் பின்னால் ஒயரோடு மல்லாடிக்கொண்டிருப்பது அவர்தான். ஒரு நாள் சாயங்காலம், தலைநகரிலிருந்து வர வேண்டிய பேச்சாளரின் கார் பாதி வழியில் படுத்துவிட்டது. ஜனங்கள் நெளிய ஆரம்பித்தார்கள். கூட்டம் கோபத்தோடு கலைந்தால் முதலில் உடைவது நாற்காலிதான் என்பது அவருடைய தொழில் அனுபவம். மைக்கைச் சோதிக்கிற சாக்கில் "ஹலோ, ஹலோ" என்றவர், "ஹலோ, நம்ம தெருக் குழாயில தண்ணி வருதா? வரலியா? கவுன்சிலர் வீட்டுல வருது. காலைல நான் அங்கதான் போய்க் குளிச்சிட்டு வந்தேன்" என்று சேர்த்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது, சிரித்தபடியே உட்கார்ந்தது. அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கினார். நிஜப் பேச்சாளர் வந்து இறங்கியபோது, "இவரே பேசட்டும்யா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்ததாக அவரே சொல்லுவார். அது அவர் கடை ஆளின் குரலாகவும் இருக்கலாம். அதையெல்லாம் இப்போது கிளறி என்ன ஆகப் போகிறது?

கட்சி அவரைக் கையோடு சேர்த்துக்கொண்டது. முதலில் வார்டு, அப்புறம் நகரசபை, அப்புறம் மாகாண சபை. மாகாண சபையில் மட்டும் மூன்று முறை. கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. பஸ் நிலையத்துக்குக் கூரை போட வைத்தார், அரசு மருத்துவமனைக்கு மாடி எடுக்க வைத்தார். செய்ததைப் பேசாமல் இருக்கத்தான் அவருக்கு வராது. அந்தக் கூரையைப் பற்றி மட்டுமே கால் மணி நேரம் பேசுவார். கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு, இதற்கு முன் உலகத்தில் யாருமே கூரை போட்டதில்லையோ என்று தோன்றிவிடும்.

யார் என்ன கஷ்டத்தோடு வந்தாலும் அவரிடம் ஒரே பதில்தான். "நான் இருக்கேன்ல!" தோளில் ஒரு தட்டுத் தட்டி இதைச் சொல்லி அனுப்பிவிடுவார். வந்தவன் பாதி கஷ்டம் தீர்ந்த மாதிரி போவான். மீதிப் பாதியை யார் தீர்த்தார்கள் என்பதற்குப் பிறகு வருவோம்.

தேர்தலில் மாற்று வேட்பாளர் என்று ஒரு பிறவி உண்டு. வேட்பாளரின் மனு ஏதாவது ஒரு நொட்டைக் காரணத்தால் தள்ளுபடியானால் கட்சிக்கு ஆளே இல்லாமல் போய்விடும் அல்லவா? அந்தப் பயத்தில் இன்னொருவரையும் மனுப் போட வைப்பார்கள். முதல் ஆளின் மனு நல்லபடியாக ஏற்கப்பட்டுவிட்டால், வாபஸ் வாங்கும் கடைசி நாள் மூன்று மணிக்குள் இந்த இரண்டாவது ஆள் கையெழுத்துப் போட்டு விலகிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஜெயித்தவர் வீட்டில் அவருக்கு ஒரு டீ கிடைக்கும்.

நகரசபைத் தேர்தலில் மைக்காரர் தன் கூடவே சுற்றிக்கொண்டிருந்த தையற்கடைக்காரரை மாற்று வேட்பாளராகப் போட்டார். கடைசி நாளன்று எதிர்க்கட்சிக்காரர்கள் அந்த ஆளைக் காரில் ஏற்றி எங்கோ விருந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்று மணி தாண்டிவிட்டது. தையற்காரர் கட்சிச் சின்னம் கின்னம் எதுவும் இல்லாமல் சுயேச்சையாகக் களத்தில் நின்று, பாதி ஓட்டைக் கிழித்துக்கொண்டு போனார். மைக்காரர் மயிரிழையில் பிழைத்தார். அன்றைக்கே எல்லார் முன்னாலும் அடித்துச் சொன்னார். "இனிமே கட்டின பொண்டாட்டியைத் தவிர ஒருத்தனையும் நம்ப மாட்டேன். அவ ஒருத்திதான் என் காலை வாரமாட்டா."

அவர் மனைவி அப்போது அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டை வாங்கி, மாத்திரையை வெட்டி, "இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி" என்று ஒவ்வொருவருக்கும் அலுக்காமல் சொல்லுவாள். அடுத்த தடவை வந்தால் "கால் வீக்கம் வடிஞ்சுதா?" என்று அவளே கேட்பாள். அரசு வேலையில் இருந்துகொண்டு வேட்புமனுப் போட முடியாது. வேலையை விட வேண்டும்.

"ஒரு கையெழுத்துப் போட்டு, அதை மறுபடியும் அடிக்கிறதுக்கு வேலையை விடணுமா?" என்று கேட்டாள்.

"நான் இருக்கேன்ல! ஜெயிச்சதும் அதே ஜன்னல்ல கொண்டுபோய் உட்கார வைக்கிறேன்."

விட்டாள். அவர் மாகாண சபைக்குப் போனார். சபை உறுப்பினரின் மனைவி மருந்து ஜன்னலில் நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அவள் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள். அப்புறம் கேட்கவில்லை. ஒருவர் கேட்பதை நிறுத்திவிட்டால் விஷயம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது பதவியில் இருப்பவர்களுக்கு வரும் வியாதி. மைக்காரருக்கு அது நன்றாகவே முற்றியிருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கும் அதே கதைதான். இவர் மனுப் போடுவார், பின்னாலேயே அவள் போடுவாள். கடைசி நாள் இரண்டு பேரும் தேர்தல் அலுவலகம் போவார்கள். அவள் வாபஸில் கையெழுத்துப் போடுவாள். அதிகாரி நன்றி சொல்வார். வீட்டுக்கு வந்து அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். கட்சிக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை 'ஸ்டெப்னி அண்ணி' என்றார்கள். இவருக்குத் தெரியும். கோபிப்பதற்குப் பதிலாக மேடையிலேயே எடுத்துவிட்டார். "நாலு டயரும் நல்லா இருந்தாலும் வண்டியில ஸ்டெப்னி இருக்கணும்ல?" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மேடைக்குக் கீழே முதல் வரிசையில் அவளும் உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்த மாதிரிதான் அவருக்கு ஞாபகம்.

இப்போது அந்த மீதிப் பாதிக்கு வருவோம். கூட்டம், கட்சி ஆபீஸ், தலைநகர் என்று சுற்றிவிட்டு வந்து மைக்காரர் எழுந்திருக்க வெயில் ஏறிவிடும். ஜனங்களோ விடிந்ததும் வந்துவிடுவார்கள். முன்னறையில் இரண்டு நீள பெஞ்சு, ஒரு மேஜை, சுவரில் அவருடைய பெரிய படம். மேஜைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்து கேட்பாள். அப்புறம் போனை எடுத்து, "மைக்காரர் வீட்டிலேர்ந்து பேசறேன்" என்று ஆரம்பிப்பாள். குடிநீர் அலுவலகம், மின்சார அலுவலகம், பள்ளிக்கூடம், காவல் நிலையம், எதையும் விட்டுவைக்க மாட்டாள். எங்காவது வழியில் யாராவது மைக்காரரின் கையைப் பிடித்து, "நீங்க மட்டும் இல்லேன்னா என் பொண்ணுக்கு அந்த இடம் கிடைச்சிருக்காது" என்று கண்கலங்கினால், எந்தப் பொண்ணு, எந்த இடம் என்று இவருக்கு ஒன்றும் புரியாது. "அட, இதுக்கு எதுக்கு நன்றி" என்று பெருந்தன்மையாகச் சிரித்து வைப்பார். வீட்டுக்கு வந்து கேட்கவும் மாட்டார்.

நாலாவது தேர்தல் வந்தது. இந்தத் தடவை விஷயம் பெரிது. "இன்னொரு முறை ஜெயிச்சுட்டு வாங்க, உங்களை வெறும் உறுப்பினரா வெச்சிருக்க மாட்டோம்" என்று கட்சித் தலைவர் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். அமைச்சர்! வாடகை நாற்காலி அடுக்கியவருக்கு அரசாங்க நாற்காலி. பொதுப்பணித் துறை கொடுத்தால் ஏற்றுக்கொள்வது, விளையாட்டுத் துறை கொடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்பது வரை முடிவு செய்துவிட்டார். வயதும் ஆகிவிட்டது. இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு வரப்போவதில்லை என்பதும் தெரியும். சபையில் கழித்த வருஷமெல்லாம் இந்த ஒன்றுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வாபஸ் வாங்கும் கடைசி நாள் வழக்கம் போலவே விடிந்தது. இரண்டு பேரும் மதியத்துக்கு மேல் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார்கள். வெளியே கட்சிக்காரர்கள் கூட்டம். உள்ளே, தாழ்ந்த குரலில் பேசும் ஒல்லியான அதிகாரி. மைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவை எடுத்து மனைவி பக்கம் நீட்டினார்.

"இந்தா, சட்டுனு போட்டுட்டு வா. போற வழியில டீ குடிச்சிட்டுப் போகலாம்."

அவள் பேனாவை வாங்கவில்லை. அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"சார், அம்மா வாபஸ் வாங்க வேண்டியதில்லை. உங்க கட்சியிலேர்ந்து இன்னைக்குக் காலைல மாத்திச் சொல்லிட்டாங்க. சின்னம் அம்மாவுக்கு."

மைக்காரர் சிரித்தார். "நல்லா தமாஷ் பண்றீங்க."

"தமாஷ் இல்ல சார். இப்போ அவங்கதான் வேட்பாளர். நீங்க மாற்று வேட்பாளர். விலகறதா இருந்தா நீங்கதான் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா சுயேச்சையா நிக்கலாம். மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

மைக்காரர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். அவள் அதிர்ச்சியடைந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மடியிலிருந்த கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காலையில் இவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்திருக்கிறாள். தட்டில் சாப்பாடு வைத்து, எதிரில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டிருக்கிறாள். அப்போதும் தெரியும்.

விஷயம் வெளியே கசிந்து, ஜன்னல் வழியாகக் கத்தினார்கள். "நில்லுங்க தலைவரே! சுயேச்சையா நில்லுங்க! நாங்க பார்த்துக்கறோம்!"

அவர் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தண்ணீர்த் தொட்டியும் உடைந்த மேஜைகளும் கிடந்த மூலை அது.

"என்ன இது?"

அவள் அழ ஆரம்பித்தாள். "கூப்பிட்டு அனுப்பினாங்க. உங்களை மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டாங்களாம். நான் நிக்கலேன்னா வெளியாளைப் போட்டுடுவோம்னாங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

மைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. கட்சி மேல்தான். வாழ்க்கை முழுக்க அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினதுக்கு இதுதான் பரிசா? அமைச்சர் ஆக்குவோம் என்று காதில் பூச்சுற்றிவிட்டு, கட்டின பொண்டாட்டியை வைத்தே கழுத்தை அறுக்கிறார்களா? அவளைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு பக்கமும் இடிபடுகிறவள் அவள்தானே. தன் கைக்குட்டையை எடுத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"அழாதே. நீ என்ன செய்வே? நான் இருக்கேன்ல."

அவள் இன்னும் பெரிதாக அழுதாள். அவள் இப்படி அழுது அவர் பார்த்ததே இல்லை.

சுயேச்சையாக நின்றால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஓட்டுப் பிரியும், இரண்டு பேரும் தோற்பார்கள், புருஷனும் பெண்டாட்டியும் அடித்துக்கொண்டதை ஊரே வாய்விட்டுச் சிரிக்கும். உள்ளே போனார். கையெழுத்துப் போட்டார். எப்போதும் அவளுக்குச் சொல்லும் அதே நன்றியை அதிகாரி அவருக்கும் சொன்னார். அமைச்சர் கனவு அங்கேயே, அந்த மேஜை மேலேயே முடிந்தது.

அதற்கப்புறம் அவர் செய்த பிரசாரத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். திறந்த வண்டியில் நின்றுகொண்டு தெருத்தெருவாகப் போனார். "எனக்குப் போட்ட ஓட்டை இவங்களுக்குப் போடுங்க" என்று கெஞ்சினார், கேலி செய்தார், பாடாத குறைதான். தன் வாழ்க்கையிலேயே நன்றாகப் பேசியது அந்த நாட்களில்தான் என்பது அவருடைய எண்ணம். துரோகம் செய்த கட்சிக்கு முன்னால் பெருந்தன்மையில் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு உள்ளே இருந்தது. அவள் மேடை ஏறவில்லை. காலையில் கிளம்பி வீடு வீடாக நடந்துவிட்டு வருவாள். ராத்திரி அவருக்குத் தொண்டைக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். "உன்னை நிக்க வெச்சுட்டாங்களேன்னு கவலைப்படாதே, ஜெயிச்சுடுவே" என்று இவர் தைரியம் சொல்லுவார். அவள் தலையை ஆட்டிக்கொள்வாள்.

ஜெயித்தாள். அவர் ஒரு முறையும் வாங்காத அளவுக்கு ஓட்டு.

அமைச்சர் பதவி போனாலும் ஒரு வாரியத் தலைவர் பதவியாவது தரட்டுமே என்று மைக்காரர் தலைநகரிலுள்ள கட்சி அலுவலகத்துக்குப் போனார். கட்சிச் செயலாளர் அவருக்குப் பழைய பழக்கம். மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன். அரசியலில் அப்படி ஒரு ஆள் எப்படி நிலைத்தார் என்பது யாருக்கும் விளங்காத விஷயம்.

"என்னைக் கழட்டி விட்டதுக்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டாமா?" என்றார் மைக்காரர்.

"உங்களை யாருங்க கழட்டி விட்டா?" செயலாளர் நிஜமாகவே முழித்தார். "முதல்ல உங்க பேர்தானே போட்டிருந்தோம். மாத்தச் சொல்லி அண்ணிதானே வந்தாங்க?"

"நீங்க கூப்பிட்டு அனுப்பினீங்க."

"நாங்க எங்க கூப்பிட்டோம்? அவங்களா பஸ் ஏறி வந்தாங்க. தலைவரைப் பார்த்தாத்தான் போவேன்னு காலையிலேர்ந்து இதே பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதான் வந்திருக்காங்கன்னு நாங்க நினைச்சோம்."

"என்ன சொன்னா?"

"உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசலைங்க. நல்ல மனுஷன், ஆனா இந்தத் தடவை தோத்துடுவாருன்னாங்க. நீங்க நின்னா எப்படின்னு தலைவர் கேட்டாரு. நான் ஜெயிப்பேன்னாங்க. அவ்வளவுதான். உட்காருங்க, டீ சொல்றேன்."

அவர் டீ குடிக்கவில்லை. ஊர் பஸ் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தார். மனுப் போட்ட மறுநாள், வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் கிளம்பியது நினைவுக்கு வந்தது. அவரேதான் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். கூட்டத்தில் முண்டியடித்து ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். பஸ் கிளம்பும்போது கையை வேறு ஆட்டினார். தையற்காரன் காலை வாரினான் என்றால் அவன் ஊரான். கட்சி வாரியிருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பார், கட்சியின் தொழிலே அதுதான். இவள் வாரிவிட்டு, விழுந்தவன் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாளே! பதவி போனதைவிட அந்தக் கைக்குட்டைதான் அவருக்கு ஆறவில்லை. ஏமாந்ததுகூடப் பரவாயில்லை, ஏமாற்றியவளுக்கே ஆறுதல் சொன்ன முட்டாளாகிவிட்டோமே என்று நடுத்தெருவில் நின்று வாய்விட்டே முனகினார்.

வீட்டு முன்னறையில் பெஞ்சு நிறைய ஆட்கள். மேஜைக்குப் பின்னால் அவள். அவர் நேராக உள்ளே போய்க் கத்தியிருக்கலாம். ஏனோ முடியவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் பதறி எழுந்தார். "பரவாயில்ல, உட்காருங்க" என்றார். ஒவ்வொருவராகப் பேசிவிட்டுப் போனார்கள். அவருடைய முறை வந்தது. மேஜை முன்னால் போய் நின்றார்.

"சொல்லுங்க" என்று நிமிர்ந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீயாத்தான் போனியா?"

மற்றவர்களை வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தார். சொல்லவில்லை.

"ஆமாங்க. நானாத்தான் போனேன்."

"கூப்பிட்டாங்கன்னு சொன்னே."

"பொய் சொன்னேன்."

"அன்னைக்கு அழுதியே? அதுவும் பொய்யா?"

"முதல்ல பயத்துல அழுதேன். நீங்க கண்ணைத் துடைச்சுவிட்டப்புறம்தான் நிஜமா அழுதேன்."

அவர் குரல் நடுங்கியது. எத்தனையோ மைக்குகளுக்கு முன்னால் நடுங்காத குரல். "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

'குடுத்திருப்பேன்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் நிறைந்த மைதானத்தில் கண் சிமிட்டாமல் சொல்லியிருக்கிறார். அவள் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்காகக் காத்திருந்த மாதிரிகூட இருந்தது.

"மாட்டேன்" என்றார்.

"அதான்" என்றாள். அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு, அவர் தோளுக்கு மேலாகப் பெஞ்சைப் பார்த்து, "அடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். அவர் நகரவில்லை.

"ஐயா, கொஞ்சம் வழி விடறீங்களா?" என்றாள் அந்தப் பெண்.